பால் தந்தவர்களின் பெயர்கள்

மரியமலர் எந்தக் கடதாசியையும் எறிய மாட்டாள். பிராங்பேர்ட்டுக்கு வடக்கே, எஸ்-பான் ரயிலின் கடைசித் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் அவளுடைய இரண்டறை வீடு. வரவேற்பறையில் திருக்குடும்பப் படத்துக்கு ஒரு முழம் இடம். ஜேர்மன்காரர் ஓர்ட்னர் என்று சொல்கிற தடித்த அட்டைக் கோப்புகளுக்கு ஒரு முழுச் சுவர். மகளின் தடுப்பூசி அட்டை, வீட்டுக்காரர் எழுதிய எச்சரிக்கைக் கடிதம், எப்போதோ பழுதாகிப் போன சலவை இயந்திரத்தின் உத்தரவாதம், எல்லாம் துளையிட்டு, திகதி வரிசையில் நிற்கும். இதை ஒரு பைத்தியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த நாட்டுக்கு அகதியாக வந்த தமிழர் வீடுகளில் பாதிக்கு மேல் இந்தச் சுவர் உண்டு.

எண்பத்தாறில் கிழக்குப் பேர்லின் வழியாக வந்து தஞ்சம் கேட்டவள் அவள். முகாமில் அறை மாற்றியபோது முத்திரை குத்திய ஒரு தாள் தொலைந்துபோனது. "அது உங்களுக்கு அனுப்பப்பட்டது. நீங்கள் வைத்திருக்காதது எங்கள் குற்றமல்ல" என்றார் அதிகாரி. அந்த ஒரு தாளுக்காக வழக்கு இரண்டு வருடம் பின்னே போனது. எட்டுப் பெண்கள் படுத்த அறையில் ஒன்பதாவது கட்டிலில் இரண்டு வருடம். அன்றிலிருந்து தாள் என்றால் அவள் கை தானாகத் துளையிடும்.

மன்னாரில் உயர்தரத்தில் இரசாயனவியலுக்கு மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவள் என்பதை ஜேர்மனியில் யாரும் கேட்கவில்லை. ஏழு வருடம் ஒரு விடுதியில் கட்டில் விரிப்பு மாற்றினாள். முப்பத்து நான்கு வயதில், பதினாறு வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து ஆய்வுகூட உதவியாளருக்கான தொழிற்கல்வியை முடித்தாள். தொண்ணூற்றெட்டில், நகருக்கு வெளியே ஒரு நச்சியல் ஆய்வு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. இரண்டு வருட ஒப்பந்தம். பிறகு இன்னொரு இரண்டு. பிறகு இன்னொன்று. அறிவியலுக்கு நிரந்தரமாகப் பங்களிக்கிறவர்களுக்கு இந்த நாடு தருகிற வேலை எல்லாம் தற்காலிகந்தான்.

2003 இலையுதிர் காலத்தில் கிறீன்லாந்தின் கிழக்குக் கரையிலிருந்து உறைபனிப் பெட்டிகள் வந்து இறங்கின. தொண்ணூறு வீடுகள் கொண்ட ஒரு கிராமம். அங்கே அறுபத்தொரு தாய்மார் தங்கள் முலைப்பாலைச் சிறு குப்பிகளில் கறந்து கொடுத்திருந்தார்கள். தெற்கே பணக்கார நாடுகள் மின்மாற்றிகளுக்காகவும் வண்ணப் பூச்சுகளுக்காகவும் செய்து தள்ளிய நஞ்சு காற்றிலும் கடலிலும் வடக்கே போய், மீனுக்குள் புகுந்து, மீனைத் தின்ற சீல் என்ற கடல்நாயின் கொழுப்பில் சேர்ந்து, சீலைத் தின்ற மனுஷியின் பாலில் வந்து நிற்கிறது. ஒரு தொழிற்சாலைப் புகைபோக்கியைக்கூடக் கண்டிராத பெண்ணின் மார்பில் தொழிற்சாலையின் கழிவு. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. ஒரு வருடத்துக்குள் ஒவ்வொரு தாய்க்கும் அவளுடைய பாலில் உள்ள நஞ்சின் எண்ணைச் சொல்லுவோம், எதைக் குறைத்துச் சாப்பிட வேண்டும் என்றும் சொல்லுவோம் என்று வாக்குக் கொடுத்து வாங்கிய பால் அது.

குப்பிகளில் கிராமத்துத் தாதியின் கையெழுத்தில் சீட்டுகள் ஒட்டியிருந்தன. பெயர், பிறந்த வருடம், எத்தனையாவது பிள்ளை. மரியமலருக்கு வந்த கட்டளை எளிது: குப்பிக்கு ஓர் எண் போடு, சீட்டை உரித்து அழித்துவிடு. எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியல் திட்ட இணைப்பாளரின் கணினியில் இருக்கும்.

அவள் எண் போட்டாள். சீட்டை உரித்தாள். அழிக்கவில்லை. வெள்ளைத் தாளில் வரிசையாக ஒட்டி, பக்கத்தில் எண்ணை எழுதி, துளையிட்டு, ஓர் ஓர்ட்னரில் போட்டு, குளிரறைக்கு வெளியே இருந்த இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். யோசித்துச் செய்யவில்லை. பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போட அந்தக் கைக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஜேர்மன் சட்டப்படி அது பெரிய பிழை. ஒரு ஜேர்மன் உதவியாளர் இந்தப் பிழையைச் செய்திருக்கவே மாட்டார்.

அடுத்த வருடம் இணைப்பாளர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அவருடைய கணினியைத் துடைத்து வேறொருவருக்குக் கொடுத்தார்கள். பட்டியலும் போய்விட்டது. யாரும் தேடவில்லை. ஆய்வுக் கட்டுரை ஆங்கிலத்தில், எண்களோடு, அழகான வரைபடங்களோடு வெளிவந்தது. நிறுவனத்தின் தலைவர் பேராசிரியர் ஹார்ட்விக் இரண்டு மாநாடுகளில் அதை வாசித்துக் கைதட்டு வாங்கினார்.

பிறகு 2007 வந்தது. சர்வதேச துருவ ஆண்டு. எல்லா நாடுகளும் திடீரென்று பனியைக் கண்டுபிடித்தன. பேர்லினிலிருந்தும் ஒரு புதிய ஆய்வுக் கொள்கை வந்தது. பதினான்கு பக்கம். வடதுருவத்தில் இனி ஜேர்மன் பணத்தில் நடக்கிற எந்த ஆய்வும் அங்கே வாழும் மக்களுக்குப் பயன்பட வேண்டும். முந்திய ஆய்வுகளின் முடிவுகள் அந்த மக்களுக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். விண்ணப்பத்தில் அதை நிரூபிக்க வேண்டும். நல்ல கொள்கை. படித்தால் கண்ணில் நீர் வரும். கொள்கைகள் எழுதப்படுகிற இடத்தில் எப்போதும் நல்லவையாகத்தான் இருக்கின்றன. அவை கெட்டுப்போவது விண்ணப்பப் படிவத்துக்குள் இறங்கும்போது.

அந்த விண்ணப்பத்தை, ஜேர்மனில் அன்ட்ராக் என்பதை, எழுதும் வேலை ஜெயச்சந்திரனுக்கு விழுந்தது. அவன் இந்தியத் தமிழன். கார்ல்ஸ்ரூஹேயில் கலாநிதிப் பட்டம் முடித்துவிட்டு இங்கே ஒப்பந்தத்தில் ஆய்வாளனாக இருந்தான். எட்டாம் பக்கத்தின் மாதிரிக் கணக்கைச் சரிபார்க்கும்படி அவன் கொடுத்தபோது, மரியமலரின் கண் ஏழாம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தில் நின்றது. 'முந்திய ஆய்வின் முடிவுகள் பங்குபற்றிய சமூகத்துக்கு முழுமையாக அறிவிக்கப்பட்டன.'

"தம்பி, இது எப்ப நடந்தது?"

"அக்கா, டென்ஷன் ஆகாதீங்க. கிறீன்லாந்தை ஆளுற டென்மார்க் கவர்மென்ட்டுக்கு, கோபன்ஹேகனுக்கு, ரெண்டு பக்கம் சம்மரி அனுப்பியிருக்காங்க. அஃபீஷியலா அதுவே போதும்."

"கோபன்ஹேகனில ஆர் பால் குடுத்தது?"

"இப்படிக் கேட்டா எப்படிக்கா?"

"வேற எப்பிடிக் கேக்கிறது? ஆங்கிலத்திலையோ?"

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு வற்றியது. "இந்த ப்ராஜெக்ட் வரலேன்னா எனக்கு விசா கிடையாது. உங்க கான்ட்ராக்டும் ஜூன்ல முடியுது. தெரியும்ல?"

"தெரியும். அதுக்காகப் பொய் எழுதேலுமோ?"

"பொய் இல்லக்கா. கொஞ்சம் பாலிஷ் பண்ணின உண்மை."

"பாலிஷ் நாங்கள் சப்பாத்துக்குத்தான் போடுறது."

அதே கிழமை, செப்டெம்பர் கடைசித் திங்கட்கிழமை, ஒரு கடிதம் வந்தது. உறைபனிக் கூடத்துக்கு என்று முகவரி எழுதியிருந்ததால் நேரே மரியமலரின் மேசைக்கு வந்தது. எழுதியவர் அந்தக் கிராமத்துத் தாதி. பிபாலுக் என்று பெயர். பிழைபட்ட, தெளிவான ஆங்கிலம். நான்கு வருடமாகக் காத்திருக்கிறோம். மூன்று முறை எழுதினேன், பதில் இல்லை. பால் தந்தவர்களில் ஏழு பேர் மறுபடி கர்ப்பமாக இருக்கிறார்கள். சீல் கொழுப்பைச் சாப்பிடலாமா, விட வேண்டுமா என்று என்னைக் கேட்கிறார்கள். நான் என்ன சொல்லட்டும்?

அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு பேராசிரியரின் அறைக்குப் போனாள். ஹார்ட்விக் கெட்ட மனிதர் அல்ல என்று எல்லோரும் சொல்வார்கள். பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுவருவார். துப்புரவுப் பெண்ணுக்கும் கதவைத் திறந்து பிடிப்பார். அநியாயம் செய்ய மீசை முறுக்க வேண்டும் என்று யார் சொன்னது?

"வருத்தமான விஷயம்தான்" என்றார் அவர் கடிதத்தைப் படித்துவிட்டு. "ஆனால் தனிப்பட்ட முடிவுகளைத் தர வழியில்லை. பெயர்ப்பட்டியல் இல்லை. யாருடைய பால் எது என்று நமக்குத் தெரியாது. தரவுப் பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறது, திருமதி மரியமலர். அது அந்தப் பெண்களைக் காப்பதற்காகத்தான்."

"பெயர்கள் என்னிடம் இருக்கின்றன."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவள் அலுமாரியையும் கோப்பையும் பற்றிச் சொன்னாள். சந்தோஷப்படுவார் என்று ஒரு கணம் அவள் நம்பினாள். நாற்பத்தாறு வயதில் அவ்வளவு வெகுளித்தனம் அவளிடம் மிச்சம் இருந்தது.

"நீங்கள் செய்திருப்பது சட்டமீறல்" என்றார் அவர், மிக மெதுவாக. "இது வெளியே தெரிந்தால் புதிய திட்டமே போய்விடும். வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் கோப்பை அழித்து, அழித்ததாகக் கையெழுத்து வைத்துத் தாருங்கள். உங்கள் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது அல்லவா? அதைப் பற்றியும் அப்போது பேசலாம்."

அன்று பின்னேரம் அவள் வீட்டுக்கு வந்தபோது கணவன் றெஜினோல்ட் விமான நிலைய வேலை முடித்து, முதுகுக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு கிடந்தான். பதினெட்டு வருடமாக மற்றவர்களுடைய பயணப் பெட்டிகளைத் தூக்குகிற முதுகு. அவள் நடந்ததைச் சொன்னாள்.

"உமக்கு ஏன் இந்த வேலை?" என்றான். "பனிக்குள்ள இருக்கிற சனம் எங்களுக்கு என்ன சொந்தமோ, பந்தமோ?"

"எண்பத்தாறில எங்களுக்கு இஞ்ச ஆர் சொந்தம்?"

"அது வேற, இது வேற. பிள்ளைக்கு இன்னும் இரண்டு வருசம் படிப்புக் கிடக்கு. பேசாமக் கிழிச்சுப் போட்டு வாரும். மிச்சத்தை ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார்."

"ஆண்டவரிட்ட அந்த அலுமாரித் திறப்பு இல்லை. என்னட்டத்தான் கிடக்கு."

"உப்பிடிக் கதைச்சுத்தான் பள்ளிக்கூடத்தில கன்னியாஸ்திரிமாரிட்டயும் அடி வாங்கினனீர்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு வேறொன்றும் வந்தது. "இஞ்ச பாருங்கோ, அந்த மெசினில பால் ஓட்டினது நான். ஒன்பது பேருக்கு நஞ்சின்ர எண் எக்கச்சக்கமாக் கிடந்ததைக் கண்டதும் நான். இரண்டாயிரத்து நாலிலயே எனக்குத் தெரியும். ஒருக்காக் கேட்டன். கட்டுரை வரட்டும் எண்டினம். அந்த மாசந்தான் கொன்ட்ராக்டைப் புதுப்பிச்சுத் தந்தவை. அதுக்குப் பிறகு நான் கேக்கேல்லை."

றெஜினோல்ட் வெந்நீர்ப் பையை மறுபக்கம் மாற்றினான்.

செவ்வாய்க்கிழமை அவள் சுகவீன விடுப்புப் போடாமல், ஒரு நாள் லீவை முறையாக எழுதிக் கேட்டு எடுத்துக்கொண்டு, நகர நூலகத்துக்குப் போனாள். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை முதல் வரியிலிருந்து படித்தாள். சட்டப் புத்தகத்தைக் கண்டு அகதி பயப்படுவான் என்றுதான் அலுவலகங்கள் நினைக்கின்றன. பன்னிரண்டு வருடம் தஞ்ச வழக்கு நடத்தியவளுக்கு ஜேர்மன் சட்ட மொழி தண்ணீர் பட்ட பாடு. மத்தியானத்துக்கு முன் அந்தப் பிரிவைக் கண்டுபிடித்துவிட்டாள். தன்னைப் பற்றி ஒரு நிறுவனம் என்ன வைத்திருக்கிறது என்று கேட்க எவருக்கும் உரிமை உண்டு. கேட்டால் சொல்லியாக வேண்டும். கேள்வி வந்தபின், கேட்டவருக்குக் கேடு வரும்படி அதை அழிக்கக் கூடாது.

அவள் அதை மூன்று முறை படித்தாள். எந்தச் சட்டத்தைச் சொல்லி அந்தப் பெண்களின் வாயை அடைத்தார்களோ, அந்தச் சட்டமே அவர்கள் பக்கம் நிற்கிறது! பேராசிரியருக்கு இது தெரியாதா? தெரிந்திருக்காது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அவருக்கு ஒருநாளும் வரவில்லை. உரிமை உள்ளவன் சட்டம் படிப்பதில்லை. பறிகொடுத்தவன்தான் படிக்கிறான்.

நூலகத்துக்கு எதிரே இருந்த தமிழ்க்கடையில் தொலைநகல் இயந்திரம் இருந்தது. கடைக்காரர் அரியரத்தினம், யாழ்ப்பாணத்தவர், இலக்கத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "அக்கா, இது எந்த நாட்டுக் கோட்? அங்கையும் எங்கட ஆக்களோ?"

"ஓம் அண்ணை. எங்கட ஆக்கள்தான்" என்றாள்.

தாதிக்குப் போன தாளில் ஐந்து வரிதான் இருந்தது. ஒவ்வொரு பெண்ணும் தன் கையால் எழுதட்டும்: 'என் பாலைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் தகவலைத் தாருங்கள்.' பெயர், பிறந்த வருடம், கையெழுத்து. நிறுவனத்தின் தொலைநகல் எண்ணுக்கு அனுப்புங்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்.

புதன் முழுவதும் ஒன்றும் வரவில்லை. பேராசிரியரின் செயலாளர் அழித்தல் படிவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். வியாழன் காலையும் ஒன்றும் இல்லை. கிழக்குக் கரையில் புயல் என்றால் தொலைபேசிக் கம்பியே செத்துக் கிடக்கும் என்று ஜெயச்சந்திரன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது.

மத்தியானம் பன்னிரண்டு இருபதுக்குச் செயலகத்தின் தொலைநகல் இயந்திரம் முதல் தாளைத் துப்பியது. பிறகு நிற்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, கோணல் எழுத்தில், நேர் எழுத்தில், பேனாவால், பென்சிலால். இயந்திரத்தில் தாள் தீர்ந்தது; செயலாளர் புதுக்கட்டு போட்டார். அதுவும் பாதி போனது. ஐம்பத்து மூன்று கடிதங்கள். கடைசியாகத் தாதியின் குறிப்பு: ஐந்து பேர் வேறு ஊர் போய்விட்டார்கள், மூன்று பேர் இறந்துவிட்டார்கள், மற்ற எல்லோரும் கேட்கிறார்கள்.

ஜெயச்சந்திரன் கதவோரம் நின்று பார்த்தான். "அக்கா," என்றான் தாழ்ந்த குரலில், "மாட்டிக்கிட்டீங்க. எல்லாரையும் மாட்டிவிட்டுட்டீங்க." பிறகு குனிந்து, தரையில் சிதறிய தாள்களைப் பொறுக்கி ஒழுங்காக அடுக்கினான்.

நிறுவனத்தின் தரவுப் பாதுகாப்பு அலுவலர் மைஸ்னர் என்ற வறண்ட மனிதர். வருடத்தில் ஒருமுறைகூட அவரை யாரும் தேடிப் போனதில்லை. மரியமலர் ஐம்பத்து மூன்று தாள்களையும் அவருடைய மேசையில் வைத்தாள். அவர் ஒரு மணி நேரம் படித்தார். "பதில் சொல்லியே ஆக வேண்டும்" என்றார். "பெயரை எண்ணோடு சேர்க்கிற ஒரே ஆவணம் உங்கள் கோப்பு. ஆகவே அதை யாரும் தொடக் கூடாது. அதை வைத்திருந்ததற்காக உங்களுக்கு அப்மானுங் வரும். எழுத்தில் எச்சரிக்கை. இரண்டும் சட்டப்படி சரி." அந்தக் கட்டடத்தில் அன்று நேர்மையாகப் பேசிய ஒரே மனிதர் அவர்தான்.

நவம்பரில் ஐம்பத்து மூன்று உறைகள் வடக்கே போயின. மரியமலரின் எச்சரிக்கைக் கடிதமும் அதே கிழமை வந்தது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தால் அது பேராசிரியர்களைப் பற்றி ஒன்றும் அறியாத நினைப்பு. ஜனவரியில் புதிய திட்டத்துக்குப் பணம் கிடைத்தது. மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கையை ஹார்ட்விக் தேநீர் நேரத்தில் எழுந்து நின்று வாசித்தார். 'உள்ளூர்ப் பழங்குடிச் சமூகத்தின் உயிர்ப்பான பங்கேற்பு முன்னுதாரணமானது. சமூகமே முன்வந்து எழுதிய ஐம்பத்து மூன்று கடிதங்கள் இதற்குச் சான்று.' அவர் அந்தக் கடிதங்களின் பிரதிகளை விண்ணப்பத்தோடு இணைத்திருந்தார்! தன் கழுத்தைப் பிடித்து உலுக்கிய கைகளைப் படம் எடுத்து, பாருங்கள், எவ்வளவு அன்பாக அணைக்கிறார்கள் என்று காட்டியிருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். ஜெயச்சந்திரனும் தட்டினான், மெதுவாக, மரியமலரைப் பார்க்காமல்.

தேநீர் முடிந்ததும் பேராசிரியர் அவளிடம் வந்தார். "பழையதை மறந்துவிடுவோம். மூன்று வருட ஒப்பந்தம் தயாராகிறது. உங்களைப் போன்றவர்கள் எங்களுக்கு வேண்டும்."

மூன்று வருடம்! அவளுக்கு ஒருநாளும் மூன்று வருடம் கிடைத்ததில்லை. வீட்டில் றெஜினோல்ட் கேட்டதும் எழுந்து நின்று சிலுவை போட்டான்.

பெப்ரவரி நடுப்பகுதியில் ஒரு காலை உறைபனிக் கூடத்துத் தொலைபேசி அடித்தது. தாதி பிபாலுக். பக்கத்தில் ஆர்னாக் என்ற பெண் இருப்பதாகச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்லத் தாதி ஆங்கிலத்தில் சொன்னாள். நஞ்சு அதிகமாக இருந்த அந்த ஒன்பது பேரில் ஆர்னாக் ஒருத்தி. கடிதம் வந்த நவம்பரில் அவள் எட்டு மாதக் கர்ப்பிணி. எட்டு மாதமும் வயதான சீலின் கொழுப்பையும் பனிக்கரடிக் கொழுப்பையும் சாப்பிட்டிருக்கிறாள். கர்ப்பிணிக்குப் பலம் என்று வீட்டார் நல்ல துண்டாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை பிறந்துவிட்டது. இப்போதைக்குச் சுகம். பாலை நிறுத்த வேண்டாம் என்று தாதி சொல்லியிருக்கிறாள். ஆனால் அவளுக்கு ஒரு கேள்வி இருக்கிறது.

"உங்கள் நிறுவனத்தின் கடிதத்தில், தொழில்நுட்பக் காரணங்களால் பகுப்பாய்வு 2007 இலையுதிர் காலத்தில்தான் முடிந்தது என்று எழுதியிருக்கிறது" என்றாள் தாதி. "உண்மையில் என் பாலின் எண் உங்களுக்கு எப்போது தெரியும் என்று அவள் கேட்கிறாள்."

அப்படி ஒரு வாக்கியம் அந்தக் கடிதத்தில் இருப்பது மரியமலருக்கு அப்போதுதான் தெரிந்தது. உறைகளை ஒட்டியது அவள். முகப்புக் கடிதத்தை எழுதியது பேராசிரியரின் அலுவலகம்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் செயலாளர் ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அது மூன்று வருட ஒப்பந்தமாகக்கூட இருக்கலாம்.

"2004 மார்ச்சில்" என்றாள் மரியமலர். "பார்த்தது நான்தான்."

மறுமுனையில் தாதி அதைத் தன் மொழியில் சொல்லும் குரல் கேட்டது. எங்கோ ஒரு குழந்தை முனகியது. பிறகு ஆர்னாக் பேசினாள். உரத்துப் பேசவில்லை. அவள் அழுதிருந்தாலும் ஏசியிருந்தாலும் மரியமலருக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"அதை எழுதித் தர முடியுமா என்று கேட்கிறாள்" என்றாள் தாதி. "மருத்துவத் துறைக்கு முறைப்பாடு செய்யப் போகிறாளாம். மற்ற எட்டுப் பேரும் சேர்கிறார்கள். திகதி வேண்டும். கையெழுத்து வேண்டும். உங்களுக்கு ஏலாது என்றால் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள், நாங்கள் வேறு வழி பார்க்கிறோம்."

"நான் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லையா?"

தாதி கேட்டுச் சொன்னாள். "அதையும் எழுதச் சொல்கிறாள்."

மரியமலர் தொலைபேசியை வைத்தாள். இயந்திரத்தின் பழைய பதிவேட்டை எடுத்து, திகதியைச் சரிபார்த்தாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். இந்த நிறுவனத்தில் வேலை செய்யும் இன்னார் ஆகிய நான் என்று தொடங்கி, எண் எந்த நாளில் எந்த மணிக்கு வந்தது, யாரிடம் கேட்டாள், என்ன பதில் கிடைத்தது, அதன்பின் எதற்காக வாயை மூடிக்கொண்டாள் என்பது வரை எழுதினாள். தன் பெயரைக் குறைத்துக்கொள்ளவில்லை. பேராசிரியர் பெயரையும் விடவில்லை. கையெழுத்து வைத்து, செயலகத்துக்குள் போய், எல்லோரும் பார்க்க, தொலைநகல் இயந்திரத்தில் தாளைக் கொடுத்து, வடக்கே போகிற எண்ணை அழுத்தினாள்.

"என்ன அது?" என்றார் செயலாளர், கையில் இருந்த ஒப்பந்தத் தாளை நீட்டியபடி.

"பதில்" என்றாள் மரியமலர். "நான்கு வருடம் பிந்திப் போகிறது."